பூட்டிய கொட்டகைகள்

தென்தமிழ்நாட்டு மருத்துவ வரலாறு: பகுதி 11

சாரல் பிடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்கு வருகிற எல்லோரும் பொழுதுபோக்க வருகிறவர்கள் அல்லர். அருவியின் ஓரத்தில் இரண்டு பேர் ஓர் இளைஞனைத் தோளைப் பிடித்து நிறுத்தி, அவன் உச்சந்தலையைத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டிருப்பதைத் தென்காசிப் பக்கத்துப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். மூலிகைகளை உரசிக்கொண்டு இறங்கும் நீர் தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்பது இந்த மலையடிவாரத்தின் நெடுநாளைய நம்பிக்கை. பொதிகை அகத்தியரின் மலை. அவர் பெயரில் வழங்கும் சித்த மருத்துவ நூல்கள் மனநோய்களைக் ‘கிரிகை’ என்று சொல்லி 18 வகையாகப் பிரித்து, எண்ணெயும் மூக்கில் விடும் நசியமும் கண்ணில் இடும் கலிக்கமும் வகுத்து வைத்திருக்கின்றன. ஆக, புத்தி பேதலித்தவனுக்கு வைத்தியம் உண்டு என்ற எண்ணம் இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. அந்த வைத்தியம் எங்கே கிடைக்கும், எத்தனை நாளைக்கு, யார் கூட இருந்து பார்ப்பது என்பவைதான் கேள்விகளாக இருந்தன.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் அரை நூற்றாண்டுக்கு முன்பு ஒரு சம்சாரி வீட்டில் மகன் ராத்தூக்கம் கெட்டு, தனக்குத்தானே பேசி, வயலுக்குப் போக மறுத்து, ஒருநாள் அப்பாவையே அடிக்கக் கை ஓங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதலில் திருநீறு. பிறகு கோடாங்கி, மந்திரித்த கயிறு. அப்புறம் குற்றாலத்துத் தண்ணீர். அதற்கும் கேட்காவிட்டால் புளியம்பட்டி அந்தோணியார் கோயில். மலைக்கு அந்தப் பக்கம் போகத் துணிந்தவர்களுக்குச் சோட்டானிக்கரை. எதுவும் பலிக்காமல், கையில் இருந்த காசும் கரைந்து, பெண்பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு தடைபடும்போது, யாராவது ஒருவர் வந்து அந்தப் பெயரைச் சொல்வார்: ஏர்வாடி.

இந்த வரிசையில் ஆஸ்பத்திரி எங்கும் வரவில்லை. வராததற்கு அறியாமை மட்டும் காரணமல்ல.

சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையின் கதையை இந்தத் தொடரில் முன்பே பார்த்தோம். 1794-இல் வாலண்டைன் கொனோலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அறுவை மருத்துவர் புரசைவாக்கத்தில் தொடங்கிய காப்பகம், 1871-இல் லோகாக் தோட்டத்துக்கு இடம் மாறியது. அன்று அங்கே 145 நோயாளிகள். 1922-இல் ‘அசைலம்’ என்ற பெயர் போய் ‘அரசு மனநோய் மருத்துவமனை’ ஆனது. பெயர் மாறியும், இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் மனநோய்க்கென்றே அரசு நடத்திய பெரிய மருத்துவமனை அது ஒன்றுதான். தென்காசியிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். செங்கோட்டைக்காரர்களின் நிலைமை வேறு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமையோடு இருந்ததால், அங்கிருந்தவர்களுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரி என்றால் திருவனந்தபுரத்து ஊளம்பாறை. சில கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு ஊர்களின் நோயாளிகள் எதிரெதிர்த் திசையில் போக வேண்டியிருந்தது.

தூரத்தைவிடப் பெரிய தடை சட்டம். 1858-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த 1912-ஆம் ஆண்டு இந்திய மனநோயர் சட்டமும் மனநோயாளியை மருத்துவமனைக்குள் அனுப்பும் வேலையைப் பெரும்பாலும் காவல்துறையிடமும் நீதிபதியிடமும் ஒப்படைத்திருந்தன. மருத்துவரின் சான்று வேண்டும், நீதிபதியின் ஆணை வேண்டும். மகனைக் காப்பாற்ற நினைக்கும் தகப்பன் கோர்ட்டுப் படி ஏறி, அவன் பைத்தியம் என்று எழுதி வாங்க வேண்டும். உள்ளே போனவன் எப்போது வெளியே வருவான் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. நாட்டின் மருத்துவ நிலையை ஆராய்ந்து 1946-இல் வெளிவந்த போர் (Bhore) குழு அறிக்கைக்காக நாட்டின் மனநோய் மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்த்த கர்னல் மூர் டெய்லர், அவற்றில் பல நோயாளியைக் குணப்படுத்த அல்ல, அடைத்துவைக்கவே கட்டப்பட்டவை என்று வெளிப்படையாக எழுதினார். அன்றைக்கு இந்தியா முழுமைக்கும் 19 மனநோய் மருத்துவமனைகள். படுக்கைகள் பத்தாயிரத்தைச் சற்றே தாண்டின.

ஏர்வாடி தர்காவின் வாசலில் போலீஸ் இல்லை, நீதிபதி இல்லை, படிவம் இல்லை. எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. கூட வந்த அம்மாவும் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம். ஏழைக் குடும்பங்கள் ஏன் ஏர்வாடிக்குப் போயின என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

*

இராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைக்கு அருகே இருக்கிறது ஏர்வாடி. மதீனாவிலிருந்து வந்தவராகச் சொல்லப்படும் சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத் அவர்களின் அடக்கத்தலம் அங்கே உள்ளது. முஸ்லிம்களோடு இந்துக்களும், கேரளத்திலிருந்து எல்லா மதத்தினரும் வந்து போகிற தலம் அது. மனம் கலங்கியவர்கள் தர்காவின் தண்ணீரையும் விளக்கெண்ணெயையும் வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவார்கள். ‘நீ ஊருக்குப் போகலாம்’ என்ற உத்தரவு கனவில் வரும்வரை காத்திருப்பது வழக்கம். சிலருக்கு இரண்டு மாதத்தில் வரும். சிலருக்கு வருஷக்கணக்கில் வராது.

அந்த ‘வருஷக்கணக்கில்’தான் கொட்டகைகள் முளைத்தன. அறுவடை இருக்கிறது, மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அம்மாவுக்கே உடம்பு முடியவில்லை. எத்தனை நாள் கூடவே கிடக்க முடியும்? ‘நீங்கள் போங்கள், மாதாமாதம் பணம் அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்ல ஆட்கள் வந்தார்கள். தர்காவைச் சுற்றித் தனிநபர்கள் நடத்திய இந்தக் காப்பகங்களை ஆரம்பித்தவர்கள் யார் என்று பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டு நோயாளியை அழைத்துக்கொண்டு ஏர்வாடிக்கு வந்தவர்கள். காத்திருந்து காத்திருந்து ஊர் திரும்ப முடியாமல் போய், தங்கள் ஆளைப் பார்த்துக்கொள்ளும்போதே அடுத்தவர் வீட்டு ஆளையும் பார்த்துக்கொள்ளத் தொடங்கி, நாளடைவில் அதையே பிழைப்பாக்கிக் கொண்டவர்கள்.

அவர்களுக்கு மனநோயைப் பற்றிப் படிப்பு இல்லை. உதவிக்கு வைத்துக்கொண்ட ஆட்களுக்கும் இல்லை. நாற்பது பேருக்குச் சோறு வடிக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், ஒதுங்கக் கூட்டிப்போக வேண்டும், தர்காவுக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவர வேண்டும். இத்தனைக்கும் கைவிரல் எண்ணிக்கையில் ஆள். ஒருவன் ஓடிவிட்டால் அவன் வீட்டாருக்குப் பதில் சொல்ல முடியாது. ஒருவன் இன்னொருவனை அடித்தால் பிரித்துவிடத் தெம்பு இல்லை. மருந்து இல்லாத இடத்தில், ஆள் இல்லாத இடத்தில், சங்கிலி வேலைக்காரனாக வந்து சேர்ந்தது. அதோடு பிரம்பும் வந்தது. உள்ளே இருக்கும் கெட்டதை விரட்டுவதாகச் சொல்லி நோயாளிகள் அடிக்கப்பட்டார்கள்.

பகலில் மரத்தோடு கயிற்றால் கட்டு. இரவில் இரும்புச் சங்கிலி. ஒரு முனை கணுக்காலில், மறுமுனை கட்டிலிலோ கம்பத்திலோ. இடையில் பூட்டு. சாவி பூட்டியவரிடம். சங்கிலியின் நீளம்தான் அந்த மனிதனின் உலகம். அதற்குள்தான் உறங்க வேண்டும், அதற்குள்தான் உட்கார வேண்டும். நடுராத்திரியில் அவசரமென்றால் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட குரலை நோயின் கூச்சல் என்று நினைத்து விட்டுவிட்டால், அவ்வளவுதான். இரும்பு உரசி உரசிக் கால் புண்ணாகும். தலைக்கு மேலே ஓலைக் கூரை.

இது மூடிமறைத்து நடந்த காரியமும் அல்ல. தர்காவுக்கு வந்துபோன ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான பாலாவின் ‘சேது’ படத்தில் சங்கிலியில் கிடக்கும் நாயகனைப் பார்த்துத் தமிழ்நாடே கண்ணீர் விட்டது. மனநோயாளிகளைத் தங்கவைக்கும் இடங்கள் உரிமம் பெற வேண்டும் என்று சொன்ன 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993-லேயே நடைமுறைக்கு வந்திருந்தது. சட்டமும் இருந்தது, படமும் இருந்தது, கண்ணால் கண்ட சாட்சிகளும் இருந்தார்கள்.

*

2001 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை விடிகாலை. மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள்.

ஒரு பூட்டைத் திறக்க ஒரு நிமிடம் என்று வைத்தாலும் நாற்பது பூட்டுக்கு நாற்பது நிமிடம் வேண்டும். காய்ந்த ஓலை எரிந்து விழ அதில் கால்பங்குகூட வேண்டாம். சங்கிலி தளர்வாக இருந்த சிலர் காலை உருவிக்கொண்டு தப்பினார்கள். 25 பேர் அங்கேயே கருகினார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களில் மேலும் மூவர் இறந்து, எண்ணிக்கை 28 ஆனது. உடல்களை அடையாளம் காண முடியவில்லை. ‘குணமாகி வருவான்’ என்று மாதாமாதம் மணியார்டர் அனுப்பிய குடும்பங்களுக்கு, எது தன் பிள்ளை என்று தெரிந்து அழக்கூட வழியில்லாமல் போயிற்று.

காப்பகத்தை நடத்தியவரும் அவர் மனைவியும் உறவினர் இருவரும் 2007-இல் ஏழாண்டு சிறைத்தண்டனை பெற்றார்கள். தண்டனை நியாயமானதே. ஆனால் அந்த நால்வரோடு கணக்கு முடிந்துவிடவில்லை. அந்தக் கொட்டகைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது தென்மாவட்டங்களில் பக்கத்தில் மருத்துவம் இல்லாத நிலைமை. 1996-97-இல் மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தை நாட்டில் நான்கு மாவட்டங்களில் மட்டும் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்டது திருச்சி. மனநோயாளிகள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடந்த இராமநாதபுரம் அந்த நான்கில் இல்லை.

ஆகஸ்ட் 13-ஆம் தேதி, அதாவது ஏழே நாளில், ஏர்வாடியில் இருந்த அத்தகைய காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் வந்தார்கள்.

மூடியது சரி. சங்கிலிக் கொட்டகை இன்னொரு நாள்கூட நடக்கக் கூடாது. ஆனால் எப்படி மூடுவது என்பதற்கு உலகத்தில் வேறொரு முன்மாதிரி இருக்கிறது. இத்தாலியின் திரியெஸ்தே நகரத்து மனநோய் மருத்துவமனைக்கு 1971-இல் பொறுப்பேற்ற பிராங்கோ பசாலியா, அதை மூடியே தீருவது என்று முடிவெடுத்தார். அங்கே அப்போது ஏறத்தாழ 1,200 பேர். அவர் கதவைத் திறந்துவிட்டுக் கைகழுவவில்லை. நகரத்தின் ஒவ்வொரு பகுதியிலும் இரவும் பகலும் திறந்திருக்கும் மனநல மையங்கள், வீடில்லாதவர்களுக்குக் கூட்டுக் குடியிருப்புகள், வேலைக்குக் கூட்டுறவு அமைப்புகள் என்று ஒவ்வொன்றாக உருவாக்கி, ஆட்களை அங்கே மாற்றி மாற்றி, 1980-இல்தான் மருத்துவமனையை முழுதாக மூடினார்கள். இடையில், 1978 மே 13-இல், இனி நாட்டில் புதிய மனநோய் மருத்துவமனை கட்டக் கூடாது என்ற சட்டமும் வந்தது. அங்கே ஒன்பது ஆண்டுகள் எடுத்த வேலை இங்கே ஒரு வாரத்தில் நடந்தது. போக இடம் தயாராகாமலேயே வாசல் அடைபட்டது.

*

கொட்டகையிலிருந்து மீட்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் சேர்ந்த கீழ்ப்பாக்கம் மூர் டெய்லர் பார்த்த காலத்துக் கீழ்ப்பாக்கம் இல்லை. அந்த மாற்றத்தில் பெரும்பங்கு ஒரு பெண்மணிக்கு உரியது. மங்களூரில் 1923-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்ட டாக்டர் சாரதா மேனன், 1978-இல் ஓய்வு பெறும்வரை நீண்டகாலம் அந்த மருத்துவமனைக்குத் தலைமை தாங்கினார். நோயாளிகள் வந்து மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்ப, புறநோயாளிப் பிரிவை வளர்த்தார். உள்ளே இருப்பவர்கள் சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது என்று தொழிற்பயிற்சிக்கு வழி செய்தார். நெசவும் தையலும் ரொட்டி சுடுவதும் வார்டுகளின் அன்றாடத்தில் இடம்பிடித்தன. கை வேலை பழகியவருக்கு ஊருக்குத் திரும்பிப் போகும் தைரியம் வரும், வீட்டாருக்கும் அவரை ஏற்றுக்கொள்ளும் மனம் வரும் என்பது அவர் கண்ட உண்மை. ஓய்வுக்குப் பின் 1984-இல் மனச்சிதைவு நோய்க்கென்றே ‘ஸ்கார்ப்’ அமைப்பை உருவாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். 1992-இல் பத்மபூஷண் பெற்றார். 2021 டிசம்பரில், 98 வயதில் மறையும்வரை மனநோயாளிகளின் குடும்பங்களுக்காகப் பேசிக்கொண்டே இருந்தார்.

ஆனாலும் கீழ்ப்பாக்கம் சென்னையில்தான் இருந்தது. கடையநல்லூரிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் கிளம்பி ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் செய்து மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கப் போக, எந்தக் கூலிக்குடும்பத்தால் முடியும்? மாத்திரை நின்றால் நோய் திரும்பும். நோய் திரும்பினால் மறுபடியும் கயிறு, மறுபடியும் கோயில் வாசல்.

தீ விபத்தைச் செய்தியில் பார்த்துத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம் 2002 பிப்ரவரி 5-இல் விரிவான உத்தரவு பிறப்பித்தது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது சட்டவிரோதம், அவர்களைக் கோயில், தர்கா என்று அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைக் கிராமங்கள்தோறும் எடுத்துச் சொல்லுமாறு மத்திய, மாநில அரசுகளுக்கு ஆணையிட்டது. விசாரணைக்கு அமைக்கப்பட்ட என். இராமதாஸ் ஆணையமும், உரிமம் இல்லாமல் காப்பகம் நடத்தக் கூடாது, எல்லோருடைய சங்கிலியும் அகற்றப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அதே 2002-ஆம் ஆண்டு ஜூலையில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தமிழ்நாட்டைப் பற்றிய ஓர் ஆய்வு வெளியாயிற்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் சக ஆய்வாளர்களும் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்து முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்தார்கள். அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை. ஒவ்வொருவர் கூடவும் ஓர் உறவினர் இருந்தார். காலையில் பூசை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்னச் சின்ன வேலைகள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மனநோய் அறிகுறிகளை அளக்கும் அளவுகோலில் ஏறத்தாழ 20 விழுக்காடு முன்னேற்றம் தெரிந்தது. தெய்வம் குணமாக்கியதா என்ற விவாதத்துக்குள் ஆய்வாளர்கள் போகவில்லை. மிரட்டல் இல்லாத இடம், பக்கத்தில் சொந்தம், கையில் ஒரு வேலை ஆகியவை நோயாளிக்கு எவ்வளவு செய்கின்றன என்பதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். சாரதா மேனன் வார்டுக்குள் கொண்டுவர முயன்றதும் இதையே. ஏர்வாடிக்குப் போன தாய்மார்கள் முதலில் தேடிப் போனதும் இதையே. கொட்டகையில் கிடைக்காமல் போனதும் இதுதான். கோயிலில் கிடைத்த அந்த ஆதரவோடு மருத்துவரின் மருந்தும் சேர்ந்திருந்தால் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்!

பின்னாளில் அந்த வழியில்தான் சில முயற்சிகள் நடந்தன. ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்க மனநல மருத்துவர்கள் உட்கார்ந்தார்கள். 48 நாள் தங்கி விரதமிருக்கும் வழக்கமுள்ள திருச்சி அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலிலும் மனநோயாளிகளுக்கான மறுவாழ்வு இல்லம் வந்தது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 95-ஆம் பிரிவில் தடை விதித்திருக்கிறது. வீட்டார் ஏற்கவில்லை என்பதற்காகவோ போக இடமில்லை என்பதற்காகவோ ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. அந்தச் சட்டம் வந்த பிறகும், உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் ஒரு தலத்தில் மனநோயாளிகள் சங்கிலியில் கிடப்பது பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

குத்துக்கல்வலசையிலிருந்து பார்த்தால், அந்தத் தீ விபத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் தூரம் குறைந்திருப்பது கண்கூடு. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. மாவட்ட மனநலத் திட்டம் இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. நள்ளிரவில் ஒருவருக்கு மனம் தடுமாறினால் 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேச 2022 அக்டோபர் முதல் வசதி இருக்கிறது. ஆனால் சம்சாரி வீட்டுக் கவலை பாதிதான் தீர்ந்திருக்கிறது. மாத்திரை பக்கத்தில் கிடைக்கிறது. பத்து வருஷம் நோயோடு வாழ்ந்த மகனுக்கு ஒரு வேலை, அம்மா அப்பா காலத்துக்குப் பிறகு அவனுக்கு ஒரு கூரை, இவை தாலுகா அளவில் இன்னும் வரவில்லை. கொட்டகைகளை உருவாக்கியது இந்தப் பற்றாக்குறைதான். இப்போதும் காவல்துறையும் வருவாய்த்துறையும் உரிமமில்லாத காப்பகங்களைக் கண்டுபிடித்து மூடும் செய்திகள் வருகிறபோது, ‘அடைத்தாகிவிட்டது’ என்பதோடு நிறுத்தாமல், உள்ளே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டியது நம் எல்லோருடைய கடமை.

அடுத்த பகுதியில் வேலூர் பாகாயம். நோயாளியோடு குடும்பத்தில் ஒருவராவது கூடவே தங்கியாக வேண்டும் என்ற விதியோடு 1950-களின் பிற்பகுதியில் சி.எம்.சி. தொடங்கிய மனநல மையத்தின் வரலாறு. அதே காலத்தில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் வளாகத்துக்குள் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் வீட்டாரைக் குடியமர்த்திய டாக்டர் வித்யாசாகரின் துணிச்சலான சோதனை. அங்கே கூடாரத்துக் குடும்பங்கள் வைத்தியத்தில் கற்றுக்கொண்டதும் கற்பித்ததும்.

(தொடரும்)